அம்மம்மாவைக் கேட்காமல் திட்டம் எழுத வேண்டாம்

யாழ்ப்பாணத்து வீடுகளில் விளையாட்டுச் சாமான் இருக்கும் இடம் ஹோலில் உள்ள ஷோகேஸ். ரொறன்ரோ மாமா அனுப்பிய ரயில், லண்டன் சித்தி கொண்டுவந்த பொம்மை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். சிலவற்றின் பெட்டிகூடப் பிரிபட்டிருக்காது. "உடைச்சுப் போடுவான், கொஞ்சம் வளரட்டும்" என்பார்கள். வளர்ச்சி பிந்திய சின்னப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்வருவது என் தொழில். நாங்கள் பயிற்சியில் படித்த கையேடு, "பை நிறைய விளையாட்டுப் பொருள் கொண்டுபோகாதீர்கள், வீட்டில் இருப்பதை வைத்தே செய்து காட்டுங்கள்" என்கிறது. நல்ல அறிவுரைதான். ஆனால் எழுதியவரின் மனதில் இருந்த வீட்டில் விளையாட்டுச் சாமான் தரையில் பரவிக் கிடந்திருக்கிறது. இங்கே தரையில் கிடப்பது சுளகும் சிரட்டையும் தண்ணி வாளியும் சட்டி மூடியும். அவற்றில்தான் தொடங்க வேண்டும். முதல் நாளே ஷோகேஸ் திறப்பைக் கேட்டால் வீட்டுக்காரரின் முகம் சுருங்கிவிடும்.

வீட்டுக்குப் போய் வீட்டாருக்கே பழக்கிவிடும் இந்த முறை எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் சொல்லவேண்டும். 1969-இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில், போர்ட்டேஜ் என்ற சிறிய ஊரை மையமாக வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. நாட்டுப்புறம், வீடுகள் ஒன்றுக்கொன்று தூரம், பிள்ளைகளைத் தினமும் ஓரிடத்துக்குக் கொண்டுவர முடியாது. அதனால் பயிற்சி பெற்ற ஒருவர் கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குப் போய், பிள்ளைக்கு அல்ல, தாய் தகப்பனுக்குச் செய்து காட்டினார். 1986-இல் அந்த நாட்டில் வந்த சட்டம் ஒன்று, மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் பிள்ளைக்கு மட்டும் திட்டம் எழுதினால் போதாது, குடும்பத்துக்கே எழுத்தில் ஒரு திட்டம் வேண்டும் என்றது. பிறகு கார்ல் டன்ஸ்ட், ரொபின் மக்வில்லியம் போன்ற ஆய்வாளர்கள், குடும்பம் எதை முக்கியம் என்கிறதோ அதிலிருந்துதான் வேலை தொடங்க வேண்டும் என்பதை அழுத்தமாக நிலைநிறுத்தினார்கள்.

இதன் அடிக்கணக்கு எந்த ஊருக்கும் பொருந்தும். ஒரு சின்னப் பிள்ளை கிழமையில் 80 மணித்தியாலத்துக்கு மேல் விழித்திருக்கும். அதில் நான் இருப்பது ஒரு மணித்தியாலம். அந்த ஒரு மணித்தியாலத்தில் நானே பிள்ளையை மடியில் வைத்துப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போனால் மிச்ச நேரம் சும்மா போய்விடும். வீட்டார் குளிக்க வார்க்கும்போதும் சோறு தீத்தும்போதும் நித்திரையாக்கும்போதும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் பிள்ளையின் வளர்ச்சி இருக்கிறது. இதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கடல் தாண்டி வரும்போது கழன்று போவது வேறு சில: குடும்பம் என்றால் யார், அவர்களிடம் எப்படிக் கேட்பது, பிள்ளை வளர்ந்துவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது.

குடும்பம் யார் என்பதில் தொடங்குகிறேன். அமெரிக்கக் கையேட்டில் அம்மாவும் அப்பாவும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தியாவிலிருந்து வந்த கையேட்டில் மாமியார் வருகிறார், அவரைச் சமாளிப்பது பற்றி ஒரு பகுதியே இருக்கிறது. இங்கே இரண்டுமே அவ்வளவாகச் சரிவராது. யாழ்ப்பாணத்தில் வீடு பெரும்பாலும் பெண்ணுக்குச் சீதனமாகப் போவது. கலியாணம் செய்த பெண் தாய் வீட்டிலோ அதே வளவுக்குள்ளோ இருப்பாள். ஆகவே பிள்ளையின் நாளை ஓட்டுவது அம்மம்மா. தாய் வேலைக்குப் போனால் முழு நாளுமே அவர் கையில்தான். திட்டத்தைத் தாயோடு இருந்து பேசி, தாயிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகலாம். நடைமுறையில் அது படலை தாண்டும்போதே காலாவதியாகிவிடும். அம்மம்மா அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார், ஒன்றும் சொல்லமாட்டார்.

அதனால் நான் ஹோல் கதிரையில் அதிகம் இருப்பதில்லை. தேத்தண்ணி வரும், அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா, குசினியிலை இருந்தே கதைப்பமே?" என்று கேட்பேன். முதலில் கூச்சப்படுவார்கள். "ஐயோ பிள்ளை, அங்கை எல்லாம் ஒரே குப்பை." அப்புறம் ஒரு பலகை வரும். அங்கே கிடைக்கிற கதை ஹோலில் கிடைக்காது.

உடுவில் பக்கம் ஒரு வீடு. பையனுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது, டவுன் சின்ட்ரோம். கையேட்டின் பட்டியலில் அந்த வயதுக்கு உரிய இலக்கு, கரண்டியால் தானாகச் சாப்பிடுவது. தாயும் அதற்கு ஓம் என்றுதான் சொல்லியிருந்தார். ஆனால் அம்மம்மா, "நான் இருக்கிறவரைக்கும் நான் தீத்துவன், பேந்து பாப்பம்" என்றார். அதோடு கதை முடிந்தது. சரி என்று விட்டுவிட்டு, மத்தியானம் வரை இருந்து பார்த்தேன். அம்மம்மா பெரிய சட்டியில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, முள்ளெடுத்த மீன் எல்லாம் போட்டுக் குழையல் குழைத்தார். பேரப்பிள்ளைகள் சட்டியைச் சுற்றி வந்து இருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் உருண்டை வைத்தார். இவன் முறை வந்ததும் உருண்டை கைக்குப் போகாமல் நேராக வாய்க்குப் போனது. ஒரு சுற்று, இரண்டாம் சுற்று, எல்லாம் அப்படியே. பையன் மற்றவர்களின் கையைப் பார்த்துக்கொண்டு தன் கையையும் விரித்து வைத்திருந்தான்.

கரண்டியைப் பற்றி அன்றைக்கு நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "அம்மா, இவனும் கையை நீட்டுறான் போல கிடக்கு" என்றேன். அம்மம்மா பார்த்தார். ஓர் உருண்டையை அவன் உள்ளங்கையில் வைத்தார். அது உதிர்ந்து பாயில் கொட்டுண்டது. இந்தப் பிள்ளைகளின் தசை தளர்வானது, பிடி இறுகாது. அங்கேதான் என் படிப்புக்கு வேலை வந்தது. இவனுடைய உருண்டைக்குக் குழம்பைக் குறைத்து, பருப்பைக் கூட்டி, சின்னதாக, கெட்டியாகப் பிடிக்கச் சொன்னேன். கையைப் பிடித்து உதவுவதென்றால் மணிக்கட்டில் பிடிக்காமல் முழங்கைக்குக் கீழே தாங்கவேண்டும். வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் விட்டுவிட்டால் கடைசித் துண்டு வேலையை அவன் செய்வான். அது பழகியதும் உதவியைக் கொஞ்சம் முன்னாலேயே விடலாம், பிறகு அதற்கும் முன்னால். இப்படிக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் பழக்குவது எங்கள் தொழிலில் எல்லாரும் அறிந்த முறை. பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் வேலை முடிந்த சந்தோஷம் கிடைக்கும்.

அடுத்த கிழமை போனபோது அம்மம்மா தானாக ஒன்று கண்டுபிடித்திருந்தார். "எனக்கு ஒரு வாய் தா ராசா" என்று அவனிடம் கேட்டு வாயைத் திறப்பார். அவன் தன் உருண்டையை அவர் வாயில் வைத்துவிட்டுச் சிரிப்பான். அவர் வாய் எட்டத்தில் இருப்பதால் கை நன்றாக நீளும், தோள் உயரும், குறி பார்க்க வேண்டும். நான் சொல்லிக்கொடுக்க நினைத்ததைவிட நல்ல பயிற்சி. தீத்துவது அன்பு என்று நினைக்கிற வீட்டில், தீத்துவதை நிறுத்தச் சொல்வதைவிட அவனையும் தீத்த விடுவது இலகு. இலக்கு தாளில் "மற்றப் பிள்ளைகளோடு சுற்றி இருந்து குழையல் வாங்கிச் சாப்பிடுவான்" என்று மாற்றி எழுதினோம். கரண்டி பின்னர் வரலாம், வராமலும் விடலாம். சோற்றைக் கையால் தின்னும் ஊரில் அதற்கு அவசரம் இல்லை.

கேட்கும் விதத்துக்கு வருகிறேன். மக்வில்லியம் வகுத்த நேர்காணல் முறை ஒன்று உண்டு. விடிய எழும்புவதிலிருந்து இரவு படுப்பதுவரை ஒவ்வொரு நேரத்தையும் எடுத்து, யார் என்ன செய்கிறார்கள், பிள்ளை என்ன செய்கிறது என்று கேட்டுக்கொண்டு போவது. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுக்கும். எனக்கு மிகவும் பிடித்த முறை, இன்றைக்கும் அதன் எலும்புக்கூட்டைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மடியில் போம் (படிவம்) விரித்துக் கேட்டால் இங்கே வேறொன்று நடக்கும். இடப்பெயர்வு, சுனாமி, 2009-க்குப் பிறகு மீள்குடியேற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கூட்டம் போமோடு வந்து போன மண் இது. போமைக் கண்டதும் சனம் கூரை ஒழுகுவதைச் சொல்லும், கிணறு இல்லாததைச் சொல்லும். "வீட்டுத்திட்டமோ பிள்ளை?" என்று ஒரு கிழவி என்னை நேராகவே கேட்டார். அவர்களில் பிழை இல்லை. போம் என்றால் கஷ்டத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டிய இடம் என்று பல வருடமாகப் பழக்கிவிட்டிருக்கிறோம். இப்போது நான் கதைத்துவிட்டு வந்து, சந்தியில் ஸ்கூட்டியை நிறுத்தி வைத்து எழுதிக்கொள்கிறேன்.

அந்த நேர்காணலில் ஒவ்வொரு நேரத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு திருப்தி என்று புள்ளி கேட்பார்கள். இங்கே புள்ளி என்றால் பரீட்சை. தங்களைத்தான் மதிப்பிடுகிறேன் என்று தாய்மார் நினைத்து, எல்லாவற்றுக்கும் நாலு என்பார்கள். அதற்குப் பதிலாக, "நாளைக்கு எந்த நேரம் கொஞ்சம் லேசாப் போனா உங்களுக்கு நிம்மதி?" என்று கேட்கிறேன். "குளிக்க வாக்கிற நேரம் மிஸ், அடம் பிடிச்சு என்ர முதுகு முறியுது" என்று உடனே வரும். முதல் இலக்கு அகப்பட்டுவிட்டது. அந்த நேர்காணலின் கடைசியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: இரவில் நித்திரை வராமல் கிடந்து எதை நினைத்து யோசிக்கிறீர்கள்? ஆழமான கேள்விதான். ஆனால் வடமராட்சியில், காணாமல் போனவர்களைத் தேடிக்கொண்டிருக்கும் வீடுகளில், அதற்கு வரும் பதில் பிள்ளையின் பேச்சைப் பற்றியதாக இராது. கேட்டால் கேட்டதோடு எழும்பிப் போக முடியாது. அன்றைக்கு வேறு வீடு இல்லை, நேரம் இருக்கிறது என்றால் மட்டும் கேட்கச் சொல்லி என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். முதல் சந்திப்பில் வேண்டவே வேண்டாம்.

தீர்மானம் குடும்பத்துடையது என்பது இந்த முறையின் உயிர். ஆனால் "உங்களுக்கு என்ன வேணும், நீங்களே சொல்லுங்கோ" என்று கேட்டால், "நீங்கள் சொல்லுங்கோ மிஸ், நாங்கள் செய்யிறம்" என்பார்கள். அதற்கும் மேலே வற்புறுத்தினால், இவவுக்கு ஒன்றும் தெரியாது போல என்று நினைப்பார்கள். படித்தவள் வந்தால் ஏதாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்பது இங்கத்தைய எதிர்பார்ப்பு, அதில் நியாயமும் இருக்கிறது. ஆகவே முதல் நாளே உடனடியாகப் பலன் தெரியக்கூடிய ஒன்றைக் கொடுத்துவிடுவேன். உதாரணத்துக்கு, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைப் பல வீடுகளில் மடியில் மல்லாக்காகக் கிடத்தி, தலை பின்னால் சரிய, வாயில் ஊற்றுவார்கள். அப்படிக் கொடுத்தால் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகும். அடிக்கடி நெஞ்சுச் சளி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். நிமிர்த்தி இருத்தி, நாடி (முகவாய்) கொஞ்சம் கீழே இறங்கினாற்போல் வைத்து, முன்னாலிருந்து கொடுக்கச் சொல்லி, அங்கேயே செய்து காட்டுவேன். அன்று இரவே இருமல் குறைந்தால் அடுத்த முறை கதவு அகலமாகத் திறக்கும். அதற்குப் பிறகு, "வேறை ஒரு வீட்டிலை இப்பிடிச் செய்தவை, இன்னொரு வீட்டிலை அப்பிடிச் செய்தவை, உங்களுக்கு எது தோது?" என்று இரண்டை வைத்துக் கேட்டால் தெரிவு செய்வார்கள். வெறும் வெளியில் நின்று தெரிவு செய் என்றால் யாருக்கும் கஷ்டம்தான்.

பாராட்டு விஷயம் வேறு மாதிரி. கையேடுகள் எல்லாம், பிள்ளை ஒன்றைச் செய்தவுடன் உரத்துப் பாராட்டச் சொல்கின்றன. நான் "அச்சா, கெட்டிக்காரன், நல்லா நடக்கிறான்!" என்று சத்தமாகச் சொன்னால், வீட்டுப் பெரியவர்களின் முகம் மாறும். நாவூறு, கண்பட்டுவிடும் என்ற பயம். நான் போனபிறகு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டுக் கழிப்பார்கள். அதை மூடநம்பிக்கை என்று விளங்கப்படுத்தப் போகிறவர்கள் போகலாம், எனக்கு வேறு வேலை இருக்கிறது. பிள்ளைக்குத் தேவை, தான் செய்தது கவனிக்கப்பட்டது என்ற சேதி. முகத்தைப் பார்த்துச் சிரித்தாலே அது போய்ச் சேரும். "ஓம் ராசா, ஊத்திப்போட்டாய்" என்று நடந்ததையே திருப்பிச் சொன்னாலும் சேரும், ஒரு சொல் கூடுதலாகக் காதில் விழுவது மேலதிக லாபம்.

இதே நாவூறு கணக்கெடுப்பிலும் குறுக்கிடும். "எப்பிடி, முன்னேற்றம் ஏதும்?" என்று கேட்டால், "அப்பிடியேதான் மிஸ் இருக்கிறான்" என்பதுதான் பதில். பிள்ளை அவர்களுக்குப் பின்னால் சுவரைப் பிடித்து நடந்து வந்துகொண்டிருக்கும். நல்லதை வாய்விட்டுச் சொல்லப் பயம். அறிக்கைக்கு இதை அப்படியே எழுதினால் எங்கள் திட்டம் ஒரு பயனும் இல்லாத திட்டம் ஆகிவிடும். ஆகவே நன்மை தீமை கேட்காமல் நடப்பைக் கேட்கவேண்டும்: நேற்று இரவு என்ன சாப்பிட்டான், யார் கொடுத்தது, எங்கே இருந்தான்? பதிலில் எல்லாம் இருக்கும்.

பழைய கதை எடுப்பதற்கும் ஒரு குறுக்குவழி சொல்கிறேன். பிள்ளை எத்தனையாம் மாதம் உட்கார்ந்தது, எத்தனையாம் மாதம் நின்றது என்று தாய்மாருக்கு நினைவிருக்காது. கிளினிக் புத்தகத்தில் அந்தப் பக்கம் பாதி நிரப்பியிருக்கும். ஆனால் முதல் பல் முளைத்ததும் பல்லுக்கொழுக்கட்டை கொட்டிய படம் இல்லாத வீடு குறைவு. அல்பத்தைக் கேளுங்கள். தலையில் கொழுக்கட்டை கொட்டும்போது பிள்ளை தானாக உட்கார்ந்திருக்கிறதா, பின்னால் யாரும் முதுகைத் தாங்கியிருக்கிறார்களா, முன்னால் வைத்த புத்தகத்தையோ நகையையோ எட்டி எடுக்கிறதா என்று படத்திலேயே தெரியும். முதலாம் பிறந்தநாள் படத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம். அல்பம் பார்க்கும்போது அம்மம்மாவும் வந்து பக்கத்தில் இருந்துவிடுவார். பெரியவர்களிடம் வளர்ச்சி அட்டவணையைக் காட்டினால் கண்ணாடி இல்லை என்பார்கள். "சப்பாணி கொட்டினவனோ?" என்றால் பிடித்துக்கொள்வார்கள். பிள்ளைத்தமிழ் பாடியவர்கள் தலையெடுத்து ஆடும் செங்கீரையை ஐந்தாம் மாதத்தை ஒட்டியும் கைகொட்டும் சப்பாணியை ஒன்பதாம் மாதத்தை ஒட்டியும் நடந்து வரும் வருகையை ஓராண்டை ஒட்டியும் வைத்தார்கள். குழந்தை வைத்தியர்களின் அட்டவணைக்கு இது அவ்வளவு தூரம் இல்லை.

வெளிநாட்டுச் சொந்தம் இங்கே குடும்பத்தின் ஓர் உறுப்பு. பல வீடுகளில் வைத்தியச் செலவு கட்டுவதே அவர்கள்தான். ரொறன்ரோவில் ஒரு பெரியம்மா. அவருடைய பிள்ளைக்கும் ஓட்டிசம், அங்கே அதற்குக் கிடைக்கும் உதவிகளை நேரில் பார்த்தவர். ஊரிலுள்ள தங்கையின் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் அட்டைகளை அனுப்பி, ஒவ்வொரு நாளும் வீடியோவில் வந்து, "சொல்லு, சொல்லு, அப்பிள் சொல்லு" என்று பிள்ளையைப் பிழிந்துகொண்டிருந்தார். பிள்ளை போனைக் கண்டாலே ஓடியது. பெரியம்மாவை விலக்கச் சொல்லித் தாயிடம் கேட்பது நடக்காத காரியம், காசு அங்கிருந்து வருகிறது. அவரையும் சேர்த்து ஒரு நாள் இரவு கதைத்தோம், அங்கே அப்போது காலை. அவர் உற்சாகமான ஆள், வேலை ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான். கமராவைக் கையால் மூடி, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் காத்திருந்து, பிள்ளை ஏதாவது சத்தமோ சைகையோ காட்டியதும் கையை எடுத்து "ஆ!" என்று வருவது. கேள்வி கேட்கக்கூடாது, சொல்லு என்ற சொல்லே வரக்கூடாது. சும்மா இருப்பதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது பிள்ளை தானாகப் போனைக் கொண்டுவந்து தாயிடம் நீட்டுகிறது. சொல் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டோம். எங்கள் பிள்ளைகளுக்குத் தா, வா, ஊத்து, எடு என்று சின்னச் சின்ன ஏவல்கள் கிணற்றடியிலும் அடுப்படியிலும் நாள் முழுக்கக் கிடக்கின்றன. ஒரு வாளி தண்ணியை ஊற்றிவிட்டு நிறுத்தி, முகத்தைப் பார்த்துக் காத்திருந்தால் "ஊ" என்றாவது வரும்.

அப்பாமார் பற்றி நிறைய எழுதலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் படலையடியில் நிற்பார்கள், உள்ளே வந்து இருக்கமாட்டார்கள். கடலுக்குப் போகிறவர் என்றால் நான் போகும் நேரம் நித்திரை. கூட்டத்துக்குக் கூப்பிட்டு வரவில்லை என்று குறைசொல்வதில் பலன் இல்லை. பின்னேரம் பிள்ளையை மோட்டார் சைக்கிளின் முன்னால் வைத்துக் கடைக்குக் கொண்டுபோவார்கள், அது நிச்சயம். அந்தப் பயணத்துக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தால் செய்வார்கள்: காசைப் பிள்ளையின் கையால் கடைக்காரரிடம் கொடுக்க விடுங்கள், மிச்சத்தைப் பிள்ளையே வாங்கட்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சி ஒன்று உண்டு, 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் வீட்டாருக்கானது, 9 குழு அமர்வுகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும். அந்தந்த ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்றே அதை ஆக்கியிருக்கிறார்கள். நாங்கள் இங்கே குழுக் கூட்டம் வைக்கும்போது முதலில் மாற்ற வேண்டியிருந்தது இடத்தை. சொந்த ஊர் முன்பள்ளியில் வைத்தால் வரமாட்டார்கள், நாலு பேருக்குத் தெரிந்துவிடும், மூத்த பெண்ணின் கலியாணப் பேச்சு கெடும் என்ற பயம். அடுத்த ஊரில் வைத்தால் பஸ் ஏறி வருகிறார்கள். மிட்வைப் அக்கா கூப்பிட்டால் இன்னும் கூட வருகிறார்கள். பிறந்த நாளிலிருந்து வீடு தேடி வந்த ஆள் அவர், எங்களைவிட அவரை நம்புவார்கள். போர்ட்டேஜில் புதிதாக உண்டாக்க வேண்டியிருந்த அந்த வீட்டுக்குப் போகும் ஆள் இங்கே ஏற்கெனவே இருக்கிறார். அவரை விட்டுவிட்டுத் தனியாக ஓடும் திட்டங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

முன்னுரிமை குடும்பத்துடையது என்று சொல்லிவிட்டால், குடும்பம் "அ, ஆ எழுதப் பழக்குங்கோ" என்றால் என்ன செய்வது? மூன்றரை வயதில், பென்சில் பிடிக்காத பிள்ளைக்கு. யாழ்ப்பாணத்தில் இது அடிக்கடி வரும் கோரிக்கை. சிரித்துத் தள்ளிவிடக் கூடாது, எழுத்து என்றால் இங்கே மரியாதை, எதிர்காலம் எல்லாம். ஏடு தொடக்கும்போது தட்டில் அரிசி பரப்பி விரலைப் பிடித்து எழுதுகிறோமல்லவா, அதையே வீட்டில் தினமும் செய்யச் சொல்கிறேன். அரிசி, அல்லது முற்றத்து மணல். முதலில் இழுக்கிற கோடு, பிறகு வளையம். அம்மம்மாவின் மடியில் இருந்து, விளக்கு வைத்த பிறகு, திருநீறு பூசிக் கும்பிட்டுவிட்டு. வேதக்கார வீடு என்றால் செபம் முடிய. பிள்ளை ஒரே இடத்தில் இருப்பதும், இன்னொருவர் பார்ப்பதைத் தானும் பார்ப்பதும், செய்வதைப் பார்த்துச் செய்வதும் அதற்குள் வந்துவிடுகின்றன. வீட்டார் எழுத்துப் படிப்பிக்கிறோம் என்று நினைக்கிறார்கள். அது பொய்யும் இல்லை.

எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுக்க முடியாது என்பதையும் சொல்லவேண்டும். பேச்சுப் பிந்தினால் முதலில் காதுப் பரிசோதனை. "எங்கட இவருக்கும் நாலு வயசிலைதான் கதை வந்தது, ஆம்பிளைப் பிள்ளையள் அப்பிடித்தான்" என்று யார் சொன்னாலும் அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாத்திரி ஏழரைச் சனி முடியட்டும் என்று சொல்லியிருந்தால், நேர்த்தியையும் வையுங்கள், சந்நிதிக்கும் போங்கள், காதை மட்டும் இந்த மாதமே காட்டுங்கள் என்பேன். வலிப்பு மருந்தைத் தாங்களாக நிறுத்துவது, பிள்ளையைக் கட்டி வைப்பது, அடித்துத் திருத்துவது இவற்றிலும் அப்படித்தான். அந்த இடங்களில் பண்பாடு என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் வெளியாட்கள். வீட்டாருக்கே அது சரியில்லை என்று தெரியும், வேறு வழி தெரியாமல் செய்கிறார்கள். கட்டி வைக்கிற தாய்க்குச் சமைக்கும் நேரத்தில் பிள்ளை கிணற்றடிக்குப் போய்விடும் என்ற பயம். கிணற்றுக்கு மூடி போட ஆள் பிடித்துக் கொடுத்தால் கயிறு தானாக அவிழும்.

தீவகத்துக்குக் கிழமைக்கு ஒருமுறை என்ற கணக்கு ஒத்துவராது. குறிகட்டுவானில் படகுக்கு நிற்க வேண்டும், நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போகும், காற்றடித்தால் அதுவும் இல்லை. இடைப்பட்ட கிழமைகளில் தாய்மாருக்குக் குரல் பதிவு அனுப்புகிறேன், ஒரு நிமிடத்துக்குள், ஒரே ஒரு விஷயம். எழுத்தில் அனுப்பினால் தாய் மட்டும் வாசிப்பார். குரலாக அனுப்பினால் குசினியில் எல்லாருக்கும் கேட்கும்படி போடுவார்கள், அம்மம்மாவும் கேட்டுவிட்டுப் பதில் பதிவில் தன் பங்குக்கு ஏதாவது சொல்வார். திட்டத்தை நல்ல தாளில் அச்சடித்துக் கொடுத்தால் அலுமாரிக்குள் காணி உறுதியோடு போய்விடும். ஆகவே அந்த மாதத்துக்குரிய இரண்டு மூன்று வரியைக் குசினிக் கலண்டரில், அவர்கள் சொன்ன சொல்லிலேயே, பென்சிலால் எழுதிவிட்டு வருகிறேன். இராகுகாலம் பார்க்க எப்படியும் தினமும் அதில்தான் கண் போகும்.